சந்தனக் கலருக்கு அடியில்

பரவை
8.6.2023

அன்புள்ள அக்காவுக்கு,

கல்யாணத்தன்றிலிருந்து உனக்குப் போன் அடித்துக்கொண்டே இருக்கிறேன். முழுக்க அடித்து ஓய்ந்துபோகிறது. மச்சான் நம்பருக்கு அடித்தால் உடனே கட் ஆகிறது. நேரில் வரலாம் என்றால், உசிலம்பட்டி பஸ்ஸைப் பார்த்தாலே முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். வீட்டுக்கு அனுப்பினால் மச்சான் கையில் கிடைத்துவிடும் என்று உன் பள்ளிக்கூட விலாசத்துக்கு அனுப்புகிறேன். சத்துணவுக்கூடத்தில் பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு உட்கார்ந்து படி.

நடந்ததற்கெல்லாம் காரணம் என் கஞ்சத்தனம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஜோதியின் நிச்சயதார்த்தத்துக்கு என்னை வரவேண்டாம் என்றாய். சோழவந்தான் சம்பந்தக்காரர்களிடம் ‘என் தம்பி டிராவல்ஸ் வைத்திருக்கிறான்’ என்று சொல்லியிருப்பதாகவும், கல்யாணத்துக்குள் வண்டியை வண்டி மாதிரி ஆக்கிவிடு என்றும் சொன்னாய். நியாயம்தான். பெரியாஸ்பத்திரி வாசலில் நின்று பிணம் ஏற்றுகிற ஆம்னி வேன். இரண்டு பக்கமும் பின்னாலும் ‘அமரர் ஊர்தி’ என்று சிவப்பில் கொட்டை எழுத்து. அதில் கல்யாணப் பெண்ணை ஏற்ற முடியுமா? ஆனால் தாய்மாமனின் சொந்த வண்டியில்தான் பெண் மண்டபத்துக்குப் போகவேண்டும் என்பது நம் வீட்டு வழக்கம். வாடகைக் காரில் ஜோதியை அனுப்பிவிட்டு மாமன் என்று நான் எதற்கு நிற்பது?

பரவை மார்க்கெட்டுக்குப் பின்னால் பெயிண்டிங் ஷெட் போட்டிருக்கிற மரியராஜிடம் போனேன். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “அண்ணே, தகரம் தெரியிற வரைக்கும் தேய்ச்சு, பட்டி பார்த்து, பிரைமர் அடிச்சு, அதுக்கு மேலதேன் கலரு. அம்புட்டும் செஞ்சா நிக்கும்” என்றான். எவ்வளவு ஆகும் என்று அவன் சொன்னதும் முனியாயி என் முதுகில் கிள்ளினாள். என் பெண்டாட்டி கிள்ளினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ‘மேலாகத் தேய்த்து ஒரே ஒரு கோட் அடித்தால்?’ என்று கேட்டேன். யாரோ ஒருவர் காருக்குக் கலக்கி மிஞ்சிய சந்தனக் கலர் ஷெட்டில் கிடந்தது. அதையே அடித்துவிட்டால் பெயிண்ட் செலவும் இல்லை. மரியராஜ் இழுத்தான். “செவப்பு பொல்லாததுண்ணே. அடியோட எடுக்காட்டி வெயிலுக்கு மேல ஏறி வந்துரும்.” “கல்யாணத்தன்னைக்குத் தாங்குனாப் போதும்யா” என்றேன். நான்தான் சொன்னேன். அவன் மேல் பழியைப் போட்டால் என் நாக்கு அழுகிவிடும்.

அடித்து முடித்த அழகை நீயும் பார்த்தாய். “டேய், புதுக் காரு மாதிரில்ல இருக்கு” என்று பானெட்டைத் தடவிப் பார்த்தாய். அந்த ஒரு பேச்சுக்காகவே செய்தது வீண்போகவில்லை என்று இருந்தது.

மண்டபத்து வாசலில் நிழலில்லாத இடமாகப் பார்த்து நிறுத்தியதும் நான்தான். ஜோதி இறங்கிப் போகும்போது ஒன்றுமில்லை. வெயில் ஏறியதும் கதவில் இளஞ்சிவப்பாக ஒரு கறை வந்தது. கொஞ்ச நேரத்தில் ‘அ’ என்று படிக்க முடிந்தது. செவ்வந்தி மாலையை இழுத்து மறைத்தேன். அதற்குள் பின்னால் ‘ஊர்தி’ வந்துவிட்டது. ஒரு வண்டிக்கு எத்தனை மாலைதான் இழுப்பது?

வாசலில் நீ சொன்னதைப் பற்றி நான் ஒன்றும் நினைக்கவில்லை. தாலி கட்டும் நேரத்தில் தாய்மாமன் இல்லாமல் போனானே என்று மச்சான் கோபப்படுவதும் சரிதான். திட்டியாவது ஒரு வரி எழுது.

உன் தம்பி
சங்கிலி


உசிலம்பட்டி
19.6.2023

சங்கிலிக்கு,

திட்டி எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

உன்னோடு பேசக்கூடாது என்று உன் மச்சான் என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிவிட்டார். எழுதக்கூடாது என்று சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. அந்த மட்டில் உனக்கு நல்ல காலம். ‘பொணம் போற வண்டியில எம்பொண்ணக் கொண்டாந்து எறக்கிட்டு, தாலி கட்டையில ஓடிப்போயிட்டான் ஒந் தம்பி’ என்று காலையும் மாலையும் சொல்லிக்காட்டுகிறார். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.

கல்யாணச் செலவோடு செலவாக நான் பெயிண்டுக்குத் தருகிறேன் என்றேனே, ரோஷம் வந்து வேண்டாம் என்றாய். அந்த ரோஷத்தை மரியராஜ் ஷெட்டிலாவது காட்டியிருக்கலாம். மிச்சக் கலரை வாங்கி மேலாகப் பூசிக்கொண்டு வந்து என் பிள்ளையை அதில் ஏற்றினாய். கல்யாணத்தன்றைக்குத் தாங்கினால் போதும் என்றாயாமே, அதைக்கூட அது தாங்கவில்லை.

மறுவீட்டுக்குச் சோழவந்தான் போயிருந்தோம். சம்பந்தியம்மா அழகம்மாள் எல்லோருக்கும் கையில் காபி கொடுத்தார். என்னுடையதை மட்டும் ஸ்டூலில் வைத்துவிட்டுப் போனார். ‘வாங்க’ என்றதோடு சரி, என் முகத்தையே பார்க்கவில்லை. ‘மாமியார் உன்னை எப்படி நடத்துகிறார்?’ என்று ஜோதியைத் தனியாகக் கூட்டிப்போய்க் கேட்டேன். “என்னையத் தங்கமா வச்சிருக்காகம்மா. ஒன்னையத்தேன் பிடிக்கல போல” என்று சிரிக்கிறாள். அவளுக்குச் சிரிப்பு. அந்த வீட்டு வாசலை மிதிக்கும்போதெல்லாம் என் கால் கூசுகிறது. சாவு வண்டிக்காரி வீட்டுச் சம்பந்தம் என்று அவர்கள் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிற பெண்கள் வரைக்கும் பேச்சு போயிருக்கும்.

உன் தொழிலை நான் குறை சொல்லவில்லை. எங்கேயும் சொன்னதில்லை. அதைக் கல்யாண மண்டபம் வரைக்கும் கொண்டுவந்ததைத்தான் சொல்கிறேன்.

முனியாயி நலமா? அவள் கிள்ளியதையும் என் கணக்கில் வைத்திருக்கிறேன்.

முத்துத்தாய்


பரவை
11.8.2023

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை முனியாயிக்கும் படித்துக் காட்டினேன். கடைசி வரியில் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

வண்டியின் கதையைக் கேள். கல்யாணத்துக்கும் ஆகாமல் சாவுக்கும் ஆகாமல் நின்றது. ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றால் சந்தனக் கலரைப் பார்த்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்கள். ஆனி மாதம் திருமங்கலம் பக்கத்துக்காரர் ஒருவர், தாயை வார்டிலிருந்து எடுத்து வந்து என் வண்டிக்கு முன்னால் நின்றார். கைப்பிடியில் கல்யாணத்துக்குக் கட்டிய ஜரிகை நூல் ஒன்று அப்படியே இருந்திருக்கிறது. “ஏப்பா, எங்க ஆத்தாவ என்ன பொண்ணழைப்புக்கா கொண்டுபோறோம்?” என்றார். அவரோடு வந்தவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டு, சிரித்ததற்காக இன்னும் சத்தமாக அழுதார்கள். நான் இறங்கிப் போய் டீக்கடைக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

திரும்பவும் மரியராஜிடம்தான் போனேன். இந்த முறை அடிவரைக்கும் எடுத்துவிடுவது என்று முடிவு. கூலிக்குக் கையில் இல்லை. ‘தேய்க்கிற வேலையை நானே செய்துகொள்கிறேன், நீ பெயிண்ட் அடிக்கிற கன்னைப் பிடித்தால் போதும்’ என்றேன். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து ஆடி பிறந்ததிலிருந்து தேய்த்தேன். சந்தனம் சீக்கிரம் போய்விட்டது. சிவப்புதான் போகவில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தேய்த்துத் தகரத்தைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து, சோறு பிசைந்தால் எரிகிறது.

தேய்க்கும்போது வேறு வேலை இல்லை, யோசனைதான் ஓடும். போன கடிதத்தில் உனக்கு ஒரு பொய் எழுதிவிட்டேன். வாசலில் நீ சொன்னதைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை என்று எழுதினேனே, அதுதான்.

மாப்பிள்ளையின் சித்தப்பா கதவில் இருந்த எழுத்தைப் படித்துவிட்டு, “யாரு வண்டிங்க இது?” என்று உன்னைக் கேட்டார். நீ ஆரத்தித் தட்டோடு படியில் நின்றாய். நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தேன். உனக்கும் எனக்கும் நடுவில் அந்தக் கண்ணாடி மட்டும்தான். என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாய்: “தெரியலைங்க. வாடகைக்குப் பிடிச்ச வண்டி. டிரைவரு யாரோ.”

வாடகை வண்டி என்றதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன் அக்கா. அந்த ‘யாரோ’வை மட்டும் விட்டிருக்கலாம்.

“அப்ப அங்கிட்டு எடுத்து விடச் சொல்லுங்க” என்றார் அவர். எடுத்தேன். அங்கிட்டு என்றால் எதுவரைக்கும் என்று சொல்லவில்லை. பரவைக்கே வந்துவிட்டேன். மச்சான் நினைக்கிற மாதிரி வெட்கத்தில் ஓடவில்லை. வெட்கமும் இருந்தது. ஆனால் அதற்காக ஓடவில்லை.

இதை எழுதாமல் விட்டால் நல்ல தம்பி. எழுதிவிட்டேன்.

சங்கிலி


உசிலம்பட்டி
29.10.2023

சங்கிலிக்கு,

உன் கடிதம் வந்து எத்தனையோ நாளாகிறது. அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருந்தேன். உலை வைக்கும்போதெல்லாம் எடுப்பேன், படிக்காமல் திரும்ப வைப்பேன். படிக்கவேண்டிய அவசியமில்லை, மனப்பாடமாகிவிட்டது.

முதலில், உன்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று எழுத நினைத்தேன். அத்தனை ஆண்கள் நடுவில் உன்னை யாரும் கேவலமாகப் பேசிவிடக்கூடாது என்று. பாதி எழுதிக் கிழித்துப் போட்டேன். அது பொய் என்று எனக்கே தெரிகிறது. நான் என்னைத்தான் காப்பாற்றிக்கொண்டேன். கழுத்தில் தாலி ஏறுவதற்கு முன்னால் எழுந்து போய்விடுவார்களோ, டிராவல்ஸ் என்று புளுகியது அத்தனை பேர் முன்னால் உடைந்துவிடுமோ என்று பயந்தேன். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். ‘யாரோ’ என்பது எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நீ என் இடத்தில் பெண்ணைப் பெற்று, தட்டோடு அந்தப் படியில் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? நெஞ்சில் கை வைத்துச் சொல்.

உன் மச்சானுக்கு இது தெரியாது. அவர் அப்போது உள்ளே மணவறைப் பக்கம் இருந்தார். நீயாக ஓடினாய் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் திருத்தவில்லை. அவர் உன்னைத் திட்டும்போது நான் சட்டியைக் கழுவிக்கொண்டு சும்மா இருக்கிறேன். இதைவிட நான் என்ன கேவலப்பட வேண்டும்?

நல்ல சேதி ஒன்று. ஜோதி முழுகாமல் இருக்கிறாள். உனக்கு அவளே போனில் சொல்லியிருப்பாள். அவளுக்கு ஏது சத்தியமும் கித்தியமும். சோழவந்தானுக்குப் பலகாரம் கொண்டுபோனேன். அழகம்மாள் வாங்கிக்கொண்டார். அதே ஸ்டூலில்தான் காபி.

முத்துத்தாய்


பரவை
12.2.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நெஞ்சில் கை வைத்துச் சொல் என்றாய். தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். இப்போது சொல்ல வேண்டியதாகிவிட்டது.

வண்டி பழையபடி வெள்ளையாகிவிட்டது. எழுத்து இந்த முறை கறுப்பில். தொழிலும் நடக்கிறது. தை மாதம் உசிலம்பட்டிக்கு அப்பால் ஓர் ஊருக்குச் சவாரி கிடைத்தது. இறந்தவரின் மனைவி முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். உன் வயது இருக்கும். அழுது ஓய்ந்த பிறகு பேச்சுக் கொடுத்தார். “ஒனக்குக் கூடப்பெறந்தவுக இருக்காகளா தம்பி?” என்றார்.

வண்டி அப்போது உன் பள்ளிக்கூடத்து மதிலை ஒட்டித்தான் போய்க்கொண்டிருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம். தட்டுச் சத்தம் கேட்டது.

“யாருமில்லத்தா. ஒத்தையாப் பெறந்தவந்தேன்” என்றேன்.

கேட்பார் யாருமில்லை, தாலி ஏறுமோ ஏறாதோ என்ற பயமில்லை. எந்த அவசியமும் இல்லாமல் சொன்னேன். அந்தம்மாள், அன்றைக்குத்தான் புருஷனை இழந்தவர், “அடப் பாவமே” என்று என் தோளைத் தட்டிக் கொடுத்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. திரும்பி வரும்போது உன் பள்ளிக்கூட வழி வேண்டாம் என்று சுற்றிக்கொண்டு வந்தேன்.

ஆக, நீ கேட்டதற்கு இதுதான் பதில். நீ பயத்தில் சொன்னாய், நான் கோபத்தில் சொன்னேன். என்னுடையதுதான் மோசம்.

மாசியில் வளைகாப்பு, சோழவந்தானில் வைத்து, தாய்மாமன் தட்டுதான் முதலில் வரவேண்டும் என்று ஜோதி போனில் சொன்னாள். சரி சரி என்று கேட்டுக்கொண்டேன். நான் வரப்போவதில்லை அக்கா. வந்தால் யாராவது ‘இவர் யாரு?’ என்று கேட்பார்கள். நீ ஏதாவது சொல்லவேண்டி வரும். அந்தச் சிரமம் உனக்கும் வேண்டாம், அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிற சிரமம் எனக்கும் வேண்டாம். தட்டை மட்டும் கொடுத்தனுப்பினால் ஆள் எங்கே என்பார்கள். ஊரில் இல்லை என்று சொல்லிவிடு. அதுவும் பொய்தான், ஆனால் யாரையும் இல்லாமல் ஆக்காத பொய்.

சங்கிலி


சோழவந்தான்
3.3.2024

சங்கிலி,

ஜோதி வீட்டுக் கொல்லையில் சமையல்காரர்கள் நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். கோழிகள் காலைக் கொத்துகின்றன. எழுத்து கோணலாக இருந்தால் கூட்டிப் படித்துக்கொள். உனக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. அந்தப் பழக்கத்தை என்னிடமிருந்துதான் படித்திருப்பாய்.

ஜோதியை மணையில் உட்கார வைத்துச் சந்தனம் பூசியாகிவிட்டது. “தாய்மாமன் தட்டு எங்க?” என்று கேட்டார்கள். நீ சொல்லிக் கொடுத்தபடி ‘ஊரில் இல்லை’ என்று ஆரம்பித்தேன். ஜோதி இரண்டு கையையும் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். “எங்க மாமன் பரவையிலதேன் இருக்காரு. அவரு வராம நான் கைய நீட்ட மாட்டேன்” என்றாள். கூடம் நிறையப் பொம்பளைகள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். சொல்லிவிட்டேன். “கல்யாணத்தன்னைக்கு வாசல்ல நின்னது வாடகை வண்டியில்ல. எந் தம்பி சங்கிலி வண்டி. அவன் டிராவல்ஸ் வைக்கல, பெரியாஸ்பத்திரியில பொணம் ஏத்துற வண்டி ஓட்டுறான். அவன் உக்காந்திருக்கையிலேயே யாரோன்னு சொன்னவ நாந்தேன். அதுக்குத்தேன் அவன் போயிட்டான்.” எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லி முடித்ததும், எல்லோரும் எழுந்து போகட்டும் என்று நின்றேன்.

யாரும் எழுந்திருக்கவில்லை. அழகம்மாள்தான் பேசினார். “எனக்கு அன்னைக்கே தெரியும். எங்க மாமனாரப் பெரியாஸ்பத்திரியில இருந்து கொண்டாந்து இந்த வாசல்ல எறக்குனது அந்தத் தம்பிதேன். நாங்க அழுகுறதப் பார்க்கக் கூடாதுன்னு கண்ணாடியத் திருப்பி வச்சுக்கிட்டு ஓட்டுனாப்ல. அவரு எங்க மூஞ்சியப் பார்க்கல, நா அவரப் பார்த்தேன்ல. எம் மருமக அந்த வண்டியில வந்து எறங்கையில, எங்க மாமன் வண்டின்னு எங்கிட்டப் பெருமையாச் சொல்லுச்சு. அடுத்த நாழியே நீங்க யாரோன்னு சொல்றீக. நா பின்னாலதேன் நின்னேன்.”

அவர் அதோடு விடவில்லை.

“பொணவண்டியில பொண்ணு வந்ததுக்கு நாங்க ஒண்ணும் நெனைக்கல. கூடப்பெறந்தவனையே யாரோங்குறவுக, நாளைக்கி எங்களச் சொல்ல எம்புட்டு நேரமாகும்? அதுக்குத்தேன் ஒங்ககிட்ட முகங்குடுத்துப் பேசல” என்றார்.

இத்தனை மாதமாக உன் பெயிண்டைத் திட்டினேனே சங்கிலி. அந்த ஸ்டூல் காபி முழுக்க எனக்காகத்தான் வைத்தது. நிற்கிற இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல் இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

உன் மச்சான் நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வெளியே போய் பைக்கை எடுத்துக்கொண்டு வந்து, “நாங் கூப்புட்டா சங்கிலி மாப்ள வர மாட்டான். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நா கூப்புடுறது? நீ ரெண்டு வரி எழுதிக் குடு, கொண்டுபோறேன்” என்றார். இரண்டு வரி கேட்டவர், நான் எழுதுகிற நீளத்தைப் பார்த்து ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார். அவர் கொடுக்கும்போது மரியாதையாக வாங்கிக்கொள். ஏதாவது சொல்ல வருவார், சொல்ல வராது. நீயாக ஒரு சொம்பு தண்ணீர் கொடு.

முனியாயியையும் கூட்டிக்கொண்டு வா. வளையல் கிடைத்தால் வாங்கு, கிடைக்காவிட்டால் வெறுங்கையோடு வா. ஜோதி இன்னும் சேலைக்குள்தான் கையை வைத்திருக்கிறாள்.

பைக்கில் பின்னால் ஏறி வரவேண்டாம். உன் வண்டியிலேயே வா. பிள்ளைத்தாய்ச்சி வீடு என்பதால் வண்டியைத் தெருமுனையில் நிறுத்தச் சொல்கிறார்கள். அது அவர்கள் வழக்கம், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நான் இப்போதே போய் அங்கே நிற்கிறேன். நீ வந்து நிறுத்தியதும் யாராவது யாரு வண்டி என்று கேட்பார்கள். பதில் சொல்ல நான் பக்கத்தில் இருக்கவேண்டும்.

அக்கா
முத்துத்தாய்